குவார்ட்டர்பேக்: பையனை மட்டும் எடை போட்டால் போதுமா?

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் கடைசி வரை அமெரிக்க விளையாட்டு சேனல்களில் ஒரே பஞ்சாயத்துதான். கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் என்.எஃப்.எல்.லில் தேறுவானா, மாட்டானா? கோட்டு சூட்டு போட்ட நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். உயரம் கொஞ்சம் கம்மி. உள்ளங்கை சின்னது. ஓட்டம் பரவாயில்லை. குணம் எப்படியோ, விசாரிக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் விரும்பிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்துகிறது. பையனைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள், அவன் போய்ச் சேரப் போகிற வீடு எப்படிப்பட்டது என்று பெரிதாக விசாரிப்பதில்லை. என் கட்சி இதுதான்: ஒரு கல்லூரிக் குவார்ட்டர்பேக்கின் எதிர்காலத்தைக் கணிக்கும்போது பாதி மதிப்பெண்ணை அவனுக்கும், மீதிப் பாதியை அவனை எடுக்கிற அணிக்கும் போட வேண்டும். அப்படிப் போடாததால்தான் இத்தனை கணிப்புகள் ஊற்றிக்கொள்கின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அரிச்சுவடி (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக் குதிக்கலாம்). ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு ஒவ்வொரு முறையும் பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்துதான் ஆட்டம் நகரும். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் அரணாக நிற்பார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவார்கள். அவனுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. அதற்குள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யார் தனியாக நிற்கிறான் என்று கண்டுபிடித்துப் பந்தை எறிய வேண்டும். நம் ஆள் அதைப் பிடித்து எல்லைக்குள் போனால் டச்டவுன். எதிரணி பறித்துக்கொண்டால் இன்டர்செப்ஷன். எறிவதற்குள் ஆளையே கீழே சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக்.

கல்லூரியிலிருந்து தொழில்முறை அணிக்குப் போகும் வழி டிராஃப்ட். 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் இதன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். நாட்டிலேயே சிறந்தவன் என்று பெயர் எடுத்த பையன், பெரும்பாலும் நாட்டிலேயே மோசமான அணிக்குப் போய்ச் சேருகிறான். இதை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

கல்லூரிக் கணக்கு ஏன் உதவுவதில்லை?

கல்லூரி ஆட்டமும் என்.எஃப்.எல். ஆட்டமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ஒரு சின்ன உதாரணம். பந்தை வைத்துத் தொடங்குவதற்கு மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசைக் குறிகள் உண்டு. கல்லூரி மைதானத்தில் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே 40 அடி. என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. இதனால் கல்லூரியில் பந்தை ஒரு ஓரமாக வைத்து ஆடும்போது மறுபக்கம் பெரிய வயல்வெளி மாதிரி இடம் கிடைக்கும். ஆட்களைப் பரப்பிவிட்டு, தனியாக நிற்பவனிடம் சட்டென்று கொடுத்துவிடலாம். என்.எஃப்.எல்.லில் அந்த வசதி குறைவு. போதாக்குறைக்கு, கல்லூரியில் எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போகிறவர்கள். என்.எஃப்.எல்.லில் எதிரே நிற்பவன் ஒவ்வொருவனும் அவனவன் கல்லூரியில் ராஜாவாக இருந்தவன்.

கல்லூரியிலேயே கூட எண்கள் ஆளை மட்டும் காட்டுவதில்லை. ஜோ பர்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.எஸ்.யூ. அணிக்காக 2018-ல் அவர் எறிந்த டச்டவுன்கள் 16. எறிந்ததில் 57.8 சதவீதம்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம், 2019-ல், 60 டச்டவுன்கள், 76.3 சதவீதம், தோல்வியே இல்லாமல் 15 வெற்றி, தேசியக் கோப்பை. ஒரே ஆள், ஒரே கல்லூரி. நடுவில் நடந்தது என்ன? ஜோ பிரேடி என்ற புதிய பயிற்சியாளர் புதிய பாஸிங் திட்டத்தோடு வந்தார். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற இரண்டு ரிசீவர்கள் முழு வேகத்துக்கு வந்தார்கள். பர்ரோவும் வளர்ந்தார்தான், மறுக்கவில்லை. ஆனால் 2018 முடிவில் அவரைப் பார்த்து "திறமை இவ்வளவுதான்" என்று முத்திரை குத்தியிருந்தால் அது எவ்வளவு பெரிய அபத்தம்!

டேப்பும் கடிகாரமும்

அப்புறம் அளவெடுப்புச் சடங்கு. வருடாவருடம் இண்டியானாபொலிஸில் நடக்கும். உயரம், எடை, உள்ளங்கை அகலம், 40 கஜ ஓட்டம், இன்னும் என்னென்னவோ. 2020-ல் இதே பர்ரோவின் கை 9 அங்குலம்தான் என்று தெரிந்ததும் அதை வைத்து இரண்டு நாள் பேசினார்கள். அவரே அதைக் கிண்டலடித்துவிட்டுப் போனார். அந்தக் கையோடுதான் 2021 சீசனில் சின்சினாட்டியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் டாம் பிரேடி. 2000 டிராஃப்டில் 199-வது ஆள். 40 கஜத்தை ஓட 5.28 நொடி. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். அதில் ஒருவரான ஜியோவானி கார்மாஸியை, பிரேடியின் சொந்தப் பகுதி அணியான சான் ஃபிரான்சிஸ்கோவே மூன்றாம் சுற்றில் எடுத்தது. கார்மாஸி ஒரு அதிகாரப்பூர்வ சீசன் ஆட்டத்தில் கூடக் களமிறங்கவில்லை. பிரேடி ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார்.

புத்தியை அளக்கவும் முயற்சி நடந்தது. வொண்டர்லிக் என்று ஒரு பரீட்சை, 12 நிமிடத்தில் 50 கேள்வி. பல வருடம் நடத்திவிட்டு 2022-ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக எஸ்2 என்ற கணினித் தேர்வை சில அணிகள் பிடித்துக்கொண்டன. 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரௌட் அதில் படுமோசமாகச் செய்ததாக டிராஃப்டுக்கு முன்பே செய்தி கசிந்தது. அந்த சீசனில் ஸ்ட்ரௌட் 23 டச்டவுன்கள் எறிந்து 5 இன்டர்செப்ஷன் மட்டுமே கொடுத்து, தாக்குதல் ஆட்டத்தில் சிறந்த அறிமுக வீரர் விருதை வாங்கினார். பரீட்சைக்குப் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலான செய்தி :-)

உயரமும் கைபலமும் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சுலபமாக அளக்க முடிகிறவற்றை அளந்துவிட்டு, அளந்ததே முக்கியம் என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

கண்ணும் ஏமாற்றும்

"எண் வேண்டாம், நான் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன்" என்கிற கட்சியும் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்க்கும் ஸ்கவுட்டுகள், பழுத்த மேலாளர்கள். இவர்களை லேசாக நினைக்க முடியாது. ஆனால் பில் போலியன் கதையைக் கேளுங்கள்.

1998-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் பொது மேலாளர் அவர். கையில் முதல் வாய்ப்பு. முன்னால் இரண்டு பேர்: டென்னசி கல்லூரியின் பேட்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃப். இரண்டில் எது என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. லீஃபுக்குக் கைபலம் அதிகம் என்று ஒரு பெரும் கூட்டம். போலியன் மேனிங்கை எடுத்தார். டிராஃப்ட் சரித்திரத்தில் இதைவிடப் பேர்போன சரியான தீர்ப்பு குறைவு. அதே போலியன், 2018-ல் தொலைக்காட்சி விமர்சகராக, லமார் ஜாக்சன் குவார்ட்டர்பேக் ஆட வேண்டாம், ரிசீவராக மாறிவிடட்டும் என்றார். ஜாக்சன் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக பால்டிமோருக்குப் போய், 2019-லும் 2023-லும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். போலியனும் தன் கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொண்டார். மேனிங்கைக் கண்டுகொண்ட அதே கண்தான் ஜாக்சனைத் தவறவிட்டது.

இதில் நிறத்துக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கறுப்பினக் குவார்ட்டர்பேக்கிடம் "நீ வேறு இடத்தில் ஆடு" என்று சொல்வது நீண்ட நாள் வழக்கம். வாரன் மூன் 1978-ல் ரோஸ் பௌல் ஆட்டத்தின் சிறந்த வீரர். ஆனாலும் டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பை ஜெயித்தார். 1984-ல்தான் என்.எஃப்.எல். கதவு திறந்தது. 2006-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். அந்த ஆறு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

பையனிடம் எதைப் பார்க்கலாம்?

அப்படியானால் பையனிடம் பார்க்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2006-ல் டேவிட் லெவின் என்பவர் ஒரு கணக்கு போட்டார். முதல் இரண்டு சுற்றுகளில் எடுக்கப்படும் குவார்ட்டர்பேக்குகளுக்கு இரண்டு எண்கள் போதும் என்றார்: கல்லூரியில் எத்தனை ஆட்டம் முதல் ஆளாக இறங்கினான், எத்தனை சதவீதம் பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது. இது வேதவாக்கு இல்லை, பிற்பாடு நிறைய ஓட்டைகள் தெரிந்தன. ஆனால் உள்ளே இருக்கும் கருத்து எனக்குப் பிடிக்கும். நாற்பது ஆட்டம் ஆடியவனிடம் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. மழையிலும் அவனைப் பார்த்தாயிற்று, 20 புள்ளி பின்தங்கியபோதும் பார்த்தாயிற்று. 2017-ல் சிகாகோ இரண்டாவதாக எடுத்த மிட்ச் ட்ரபிஸ்கி கல்லூரியில் முதல் ஆளாக ஆடியது 13 ஆட்டம் மட்டும். அந்த வருடம் பத்தாவதாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். 2022-ல் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி, அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடியவர்.

உடனே ஜோஷ் ஆலன் பெயரைக் கொண்டு வருவீர்கள். சரி, வருவோம். வயோமிங் கல்லூரியில் அவருடைய சதவீதம் 56.2. கணக்குப் பிள்ளைகள் எல்லோரும் வேண்டவே வேண்டாம் என்றார்கள். பஃபலோ 2018-ல் ஏழாவதாக எடுத்தது. முதல் வருடம் 52.8 சதவீதம். அடுத்த வருடம் 58.8. 2020-ல் 69.2. 2024 சீசனில் லீக்கின் சிறந்த வீரர்.

கணக்கு தோற்றதா? தோற்றது. ஆனால் எப்படித் தோற்றது என்று பாருங்கள். முதல் வருடத் தடுமாற்றத்தைப் பார்த்து அணி அவரைத் தூக்கி எறியவில்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை. 2018 முதல் 2021 வரை பிரையன் டேபால் என்ற ஒரே ஆள்தான் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல் தர ரிசீவரை வாங்கிக் கொடுத்தார்கள். ஆலனும் தன் எறியும் முறையை உட்கார்ந்து திருத்திக்கொண்டார். பையன் பாதி, வீடு பாதி என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வீடு பாதி

இப்போது எதிர்ப்பக்கம். 2002-ல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, டேவிட் காரை முதல் ஆளாக எடுத்தது. முன்னால் அரண் நிற்க ஆளில்லை. அந்த ஒரு சீசனில் மட்டும் 76 சாக். ஒரே சீசனில் ஒரு குவார்ட்டர்பேக் வாங்கிய அதிகபட்ச அடி அதுதான். அப்படி அடி வாங்கியவன் பந்து கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பான்? தன் ஆளையா, வரப்போகும் அடியையா?

2023-ல் கரோலைனா அணி, முன்னுக்கு வந்து முதல் வாய்ப்பைப் பிடிக்க டி.ஜே. மூர் என்ற தன் சிறந்த ரிசீவரையே கொடுத்தது. கூடவே எதிர்கால வாய்ப்புகளையும் அள்ளிக் கொடுத்தது. அப்படி வாங்கிய பிரைஸ் யங்குக்குப் பந்தைப் பிடிக்க உருப்படியான ஆளில்லை. அந்த சீசனில் 62 சாக், அணிக்கு இரண்டே வெற்றி, பதினோரு ஆட்டத்திலேயே பயிற்சியாளர் வெளியே. அடுத்த வருடம் இரண்டு ஆட்டம் முடிந்ததும் யங்கை உட்கார வைத்தார்கள். பிறகு திரும்பி வந்து அந்த சீசன் கடைசியில் எவ்வளவோ தெளிவாக ஆடினார் என்பது வேறு விஷயம்.

2018-ல் பத்தாவதாக அரிசோனாவுக்குப் போன ஜோஷ் ரோஸன் கதை இன்னும் மோசம். அந்த ஒரே சீசனில் தாக்குதல் பயிற்சியாளரை நடுவிலும், தலைமைப் பயிற்சியாளரை முடிவிலும் மாற்றினார்கள். 2019-ல் புது ஆள் வந்தார், கைலர் மரேயை எடுத்தார், ரோஸனை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே வருடத்தில் "தேறாத கேஸ்" என்ற பட்டம். அதே வருட ஆட்களான பேக்கர் மேஃபீல்டும் சாம் டார்னால்டும் இதே பட்டத்தை வாங்கியவர்கள்தான். மேஃபீல்டுக்கு கிளீவ்லாந்தில் நான்கு வருடத்தில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். பிறகு டாம்பாவுக்குப் போய் 2024-ல் 41 டச்டவுன் எறிந்தார். நியூயார்க் ஜெட்ஸில் நொந்துபோன டார்னால்டு, 2019-ல் ஒரு ஆட்டத்தின் நடுவே பேய்கள் தெரிகின்றன என்று சொன்னது மைக்கில் பதிவாகி நாடே சிரித்தது. 2024-ல் மினசோட்டாவில் அவர் 35 டச்டவுன் எறிந்தார், அணி 14 ஆட்டம் ஜெயித்தது. பேய் அவர் கண்ணில் இல்லை, அந்த வீட்டில் இருந்திருக்கிறது!

அணிகளுக்கு ஏன் பொறுமை இல்லை? பணம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2010-ல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதமாகக் கொடுத்தது மட்டும் 5 கோடி டாலர். 2011-ல் புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த வருடம் முதல் ஆளான கேம் நியூட்டனின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமே சுமார் 2.2 கோடி. விலை குறைந்தால் பொறுமை கூட வேண்டும், இல்லையா? நடந்தது தலைகீழ். மலிவாகக் கிடைத்த பொருளைத் தூக்கிப் போடுவதும் சுலபமாகிவிட்டது. மஹோம்ஸ் முதல் வருடம் முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். ஏரன் ராட்ஜர்ஸ் 2005-ல் வந்து மூன்று வருடம் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்க வைக்கிற அணி எத்தனை இருக்கிறது?

எல்லாம் அணியின் குற்றமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது சப்பைக்கட்டு. 2007-ல் ஓக்லாந்து முதலாவதாக எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸலுக்கு 6 அடி 6 அங்குல உயரம், பீரங்கிக் கை. 18 டச்டவுன், 23 இன்டர்செப்ஷனோடு 2010-லேயே வெளியே. அணி குழப்பமான அணிதான், ஆனால் அவர் உடலையும் உழைப்பையும் கவனிக்கவில்லை என்ற புகார் கடைசி வரை போகவில்லை. லீஃபும் அப்படித்தான். தன் மூன்றாவது ஆட்டத்தில் 15 முறை எறிந்து ஒன்றே ஒன்றுதான் கைக்குப் போனது, அதுவும் நாலு கஜம். அடுத்த நாள் ஒரு நிருபரிடம் கத்திச் சண்டை போட்டார். அதே வருடம் மேனிங் மட்டும் என்ன கிழித்தார் என்று கேட்கலாம். 28 இன்டர்செப்ஷன்! அணிக்கு மூன்றே வெற்றி. ஆனால் அவர் அடுத்த வருடம் அதே பயிற்சியாளர்களோடு திரும்பி வந்து 13 வெற்றி கொடுத்தார். லீஃபின் சான் டியாகோ அணியோ, ஆறே ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பியிருந்தது. இரண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால்? மேனிங் சான் டியாகோவிலும் நன்றாக ஆடியிருப்பார், கோப்பைகள் குறைந்திருக்கும். லீஃப் பெரிய ஆளாகியிருக்க மாட்டார், ஆனால் இவ்வளவு கேவலப்பட்டிருக்கவும் மாட்டார். இது என் ஊகம்தான்.

இந்தக் கேவலம் சும்மா இல்லை. லீஃப் பிற்பாடு வலி மாத்திரைக்கு அடிமையாகி, சிறை வரை போய் மீண்டவர். மேடையில் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பையனுக்கு இருபத்திரண்டு வயது. அவனைப் பற்றி நாம் சொல்லும் "தேறாத கேஸ்" என்ற சொல் வாழ்நாள் முழுக்க அவன் கூடவே வரும். அவனை எடுத்த மேலாளர் வேலை போனாலும் வேறு அணியில் சேர்ந்துகொள்வார்.

அதனால் அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் பார்க்க உட்காரும்போது உள்ளங்கை அளவை விட்டுவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். பையன் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான்? கெட்ட ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் என்ன செய்தான்? அவனை எடுக்கிற அணியில் முன்னால் நிற்கும் ஐந்து பேர் யார்? இப்போதிருக்கும் பயிற்சியாளர் மூன்று வருடம் கழித்தும் இருப்பாரா? முதல் இரண்டுக்கு நல்ல பதில் வந்து, கடைசி இரண்டுக்கு உதட்டைப் பிதுக்கினால், பையன் மேல் பழி போட இப்போதே தயாராகாதீர்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஏதோ ஒரு ஊரில் அவன் நன்றாக ஆடிக்கொண்டிருக்கலாம்.